ஒன்றேகால் சதுர மீட்டர்

1

போன கிழமை பவளத்தின் முதலாவது ஆண்டுத் திவசம். பவளம் என் மனைவி. பாரிஸ் நகரத்துக்கு வெளியே, பதினெட்டு மாடிக் கட்டடமொன்றின் பதினோராவது மாடியில், நானும் மகள் தாரணியும் குணம் அண்ணையும் மட்டும் இருந்து படையல் வைத்தோம். குணம் அண்ணை என்னோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். ஐயர் கிடைக்காத இடத்தில் தேவாரம் பாடவும் தெரிந்தவர்.

படைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நான் முன்பு குடியிருந்த கட்டடத்தின் காவற்காரர், ஒரு போர்த்துக்கேயக் கிழவர், பேசினார். என் பழைய மாடி அறையை இனி வாடகைக்கு விட முடியாதாம். சுவரை உடைத்துப் பக்கத்து அறையோடு சேர்க்கப் போகிறார்களாம். "நீ அந்த அறையை அழகாக ஒரு படம் வரைந்து வைத்திருந்தாயே, அதன் பிரதி இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருக்கிறது, சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன். அந்தப் படம் என்னை விட்டு எங்கே போகும்? இந்தக் குறிப்பை எழுத வைத்தது அந்தத் தொலைபேசிதான். வெளிநாட்டு வீடு என்றதும் ஊரில் இருக்கும் உங்களுக்குக் கண்ணாடி யன்னலும் சுடுதண்ணீர்க் குழாயும் கண்ணில் வரும். எனக்கு முதலில் வருவது நீளம், அகலம், உயரம். தொழில் புத்தி, விட்டுப் போகாது.

2

என் ஊர் உருத்திரபுரம். கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தேன். மதகு, பள்ளிக்கூடக் கட்டடம், நெற்களஞ்சியம் என்று எதைக் கட்டினாலும் அது முதலில் என் மேசையில் கோடாகத்தான் இருக்கும். கோடு சரியில்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பவளம் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள்.

வன்னியில் வீடு என்பது ஒருநாளும் கட்டி முடிவதில்லை. ஒரு பிள்ளை பிறந்தால், ஒரு மருமகன் வந்தால், கூரை விளிம்பிலிருந்து இன்னும் நாலு வரிசை தென்னங்கிடுகைச் சாய்த்து ஒரு பத்தி இறக்கிவிடுவார்கள். குனிந்துதான் அதற்குள் போக வேண்டும். போனால் அதற்குள் அடுப்பு எரியும், நெல்மூட்டை இருக்கும், ஆள் படுக்கும். பத்தி வீடு இல்லை என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொன்னதில்லை. நானும் அப்படி ஒரு பத்திக்குள் பிறந்தவன்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இராணுவம் முன்னேறி வர, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். ஜெயபுரம் பக்கம் காடு வெட்டி முகாம் போட்டார்கள். அதற்கு நிலப்படம் கீறும் வேலை என்னிடம் வந்தது. தொண்டு நிறுவனமொன்று கையில் ஒரு சிறு புத்தகம் தந்தது. ஒரு குடில் பன்னிரண்டடிக்குப் பத்தடி. குடிலுக்கும் குடிலுக்கும் நடுவே பத்தடி வெளி. கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடையே இத்தனை அடி தூரம். எந்த நாட்டிலோ ஒரு முகாம் தீப்பற்றி எரிந்து சனம் செத்த பிறகு எழுதிய விதிகள் அவை. எனக்குப் பிடித்திருந்தன. நான் கீறிய முகாமுக்குள்ளேயே பவளத்தையும் தாரணியையும் கூட்டிக்கொண்டு குடி வந்தேன்.

மூன்றாம் மாதம் பக்கத்துக் குடில் நாகம்மா ஒரு பத்தி இறக்கினாள். அவளுடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்து பதினேழு நாள். பத்தி எங்கள் குடிலின் தடியில் வந்து முட்டியது. பத்தடி வெளி போய்விட்டது. நான் அளவுநாடாவோடு போய் நின்றேன்.

"மாஸ்டர், பச்சை உடம்புக்காரி. மழைக்கு எங்கை கிடத்திறது?" என்றாள் நாகம்மா. படம் கீறுகிறவன் என்பதால் எல்லோருக்கும் நான் மாஸ்டர்.

"ஒரு அடுப்பு பத்தினா நாப்பது குடிலும் போயிடும் நாகம்மா. கழட்டிவிடுங்கோ."

கழட்டினார்கள். அன்று பின்னேரம் பவளம் போய் அந்தத் தாயையும் பிள்ளையையும் எங்கள் குடிலுக்குள் கூட்டி வந்துவிட்டாள். நூற்றிருபது சதுர அடிக்குள் ஐந்து பேர்.

"இதென்ன பவளம்?" என்றேன்.

"எங்கடை குடிலிலை இடமிருக்கு. உங்கடை நாடாவை வெளியிலை படுக்கச் சொல்லுங்கோ" என்றாள். அவள் சொன்னது சரி, நான் செய்ததும் சரி. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

3

அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டேன். ஒரு ஆளுக்குத்தான் வழி கிடைத்தது. "நீங்கள் முதல் போங்கோ, நாங்கள் பின்னாலை வாறம்" என்று பவளம் சொன்னாள். இங்கே அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, பிறகு வேறொரு வழியாகத் தங்கும் அட்டை கிடைத்தது. கிடைத்து ஒரு வருடம் ஆனதும் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம். அதற்கு மூன்று பேர் இருக்கத் தக்க வீடு காட்ட வேண்டும். மூன்று பேருக்கு இத்தனை சதுர மீட்டர் என்று சட்டத்தில் இருக்கிறது.

என்னிடம் இருந்தது நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி அறை. ஏழாம் மாடி, மின்தூக்கி கிடையாது. அந்தக் கூரை அறைகளின் கதையை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். முன்னொரு காலத்தில் இந்த நகரத்தில் ஒரு விதி போட்டார்களாம். தெருவின் அகலத்தைப் பார்த்துத்தான் வீட்டின் முன்சுவர் உயரலாம், அதற்கு மேலே கட்டுவதென்றால் உள்ளே சாய்த்துத்தான் கட்ட வேண்டும் என்று. தெருவில் நடக்கிற மனிதனுக்கு வெயிலும் காற்றும் கிடைக்க வேண்டுமே. வீட்டுக்காரர்கள் ஓர் அங்குலத்தையும் விடவில்லை. விதி விட்ட சாய்வுக்குள் தகரக் கூரையின் கீழே சின்னச் சின்ன அறைகளைக் கட்டி வேலைக்காரிகளைப் படுக்க வைத்தார்கள். ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகச் சனம் அடுக்கப்பட்ட நகரத்தில் கடைசித் தட்டு அதுதான். அந்தத் தட்டில் இப்போது நாங்கள்.

முதல்நாள் கதவைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பக்கமும் கூரை சாய்ந்து இறங்குகிறது. அட, இது எங்கள் பத்தி அல்லவா! சாய்வுக்குக் கீழே என் படுக்கையைப் போட்டேன், எதிர்ப்பக்கச் சாய்வில் இரண்டு பேருக்கு இடம் விட்டேன். சுவரிலிருந்து சுவருக்கு நாடா பிடித்துப் பார்த்தேன். சட்டம் கேட்டதற்கு மேலேயே வந்தது. அன்று பவளத்துக்கு எழுதிய கடிதத்தில், "இடம் தாராளம்" என்று எழுதினேன்.

4

விண்ணப்பத்தில் வீட்டின் பரப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு எண்ணை எழுதினால் போதும். வாடகை உறுதிப்பத்திரத்தில் உள்ள எண்ணை எழுதச் சொல்லித்தான் குணம் அண்ணை சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் கோப்பை கழுவிய கைக்கு ஒரு படம் கீறக் கிடைத்திருக்கிறது, விடுவேனா? நல்ல தாள் வாங்கினேன். அளவுகோல் வாங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து கீறினேன். நிலப்படத்தோடு விட்டிருக்கலாம். படம் என்றால் குறுக்குவெட்டும் இருக்க வேண்டும் என்று, கூரைச் சாய்வை ஒவ்வொரு அடிக்கும் உயரம் போட்டுக் கீறி இணைத்தேன். எந்தெந்தச் சாய்வின் கீழே யார் யார் படுப்பது என்றுகூடப் புள்ளிக்கோட்டில் காட்டினேன்.

சில மாதத்தில் வீடு பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஏழு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு என் படத்தைக் கட்டிலில் விரித்தாள். மிகவும் நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் அளவுகோலைக் கேட்டு வாங்கினாள். குறுக்குவெட்டில் ஒரு மீட்டர் எண்பது உயரம் வரும் இடத்தைப் பிடித்துச் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அதிலிருந்து கீழே ஒரு கோட்டை இறக்கி நிலப்படத்தில் சேர்த்தாள். எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது போலவே, சாயாமல் இழுத்தாள்.

ஒரு மீட்டர் எண்பதுக்குக் கீழே கூரை இருக்கும் இடம் தரைக் கணக்கில் சேராது என்று விளக்கினாள். மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாத இடம் வீடு ஆகாது என்றாள். நாங்கள் அங்கே நிற்கப் போவதில்லை, படுக்கத்தான் போகிறோம் என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு பிரெஞ்சு வாயில் வரவில்லை. "தூங்குதல், தூங்குதல்" என்று இரண்டு தரம் சொன்னேன். அவள் இரக்கத்தோடு தலையாட்டினாள்.

சாய்வுகளைக் கழித்தால் சட்டம் கேட்டதற்கு ஒன்றேகால் சதுர மீட்டர் குறைந்தது. எங்கள் கணக்கில் பதின்மூன்றரைச் சதுர அடி. ஒரு பாயை முழுதாக விரிக்கக்கூடக் காணாத இடம். பனி விட்ட நேரம் மறுப்புக் கடிதம் வந்தது.

குணம் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னை ஆர் படம் கீறச் சொன்னது? இந்தப் பெரிய நகரத்திலை எத்தினை சனம் கூரைக்குக் கீழை இருந்து கூப்பிட்டிருக்கு? ஒரு நம்பரை எழுதிப்போட்டுப் பேசாமல் இருந்தவை எல்லாரும் பெண்சாதி பிள்ளையோடை இருக்கினம். நீ கூரையை வெட்டிக் காட்டினனி!"

அவரோடு கோபிக்க முடியவில்லை. சட்டத்தையும் என்னால் திட்ட முடியவில்லை. பழைய விதி ஒன்று அந்தக் கூரையைச் சாய்த்தது. புதிய விதி ஒன்று சாய்ந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்தது. இரண்டும் மனிதருக்கு மூச்சு முட்டக் கூடாது என்று எழுதியவைதான். நாகம்மாவிடம் நான் பிடித்த நாடாவும் அப்படித்தான்.

பவளத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, கொழும்பு போன யாரிடமோ கொடுத்து அனுப்பிய பதில் வந்தது.

"ஒண்டேகால் மீற்றர்தானே. நான் மூலையிலை இருந்திடுவன் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு இஞ்சை பள்ளிக்கூடம் மரத்துக்குக் கீழைதான் நடக்குது. மழை துவங்க முன்னம் ஏதும் செய்யப் பாருங்கோ. கவலைப்படாதேங்கோ. உங்கடை படம் வடிவாத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியும்."

5

பவளத்தின் கடிதம் வருவதற்கு முன்பே வீடு மாறிவிட்டேன். இப்போது இருக்கும் இந்தப் பதினோராம் மாடி வீடுதான். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்குப் போகிறது, போகட்டும். இந்த வீட்டை யார் வந்து அளந்தாலும் அளக்கலாம். எல்லா இடத்திலும் கூரை ஒரே உயரம். படுக்கை அறை ஒவ்வொன்றுக்கும் வெளியே திறக்கும் யன்னல். படிக்கட்டின் அகலம், அதில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்கி ஓடலாம் என்ற கணக்கு. நடைபாதையில் தானாகச் சாத்திக்கொள்ளும் நெருப்புக் கதவு. எதிர்க் கட்டடம் எட்டி நிற்பது அதன் நிழல் எங்கள் யன்னலில் விழக் கூடாது என்பதற்காக. முந்நூறு குடும்பங்களை ஒரு கட்டடத்துக்குள் வைத்துவிட்டு, ஒருவருக்கு வரும் ஆபத்து மற்றவருக்குப் போகாமல் பார்த்திருக்கிறார்கள். குளிர் வருகிறது என்று எங்கள் ஆட்கள் காற்றுத் துவாரத்தைச் சீலையால் அடைப்பார்கள். நான் அடைப்பதில்லை. அடைத்தால் சுவர் பூஞ்சணம் பிடிக்கும் என்று அவர்களுக்கும் சொல்லி ஏச்சு வாங்குகிறேன்.

புது விண்ணப்பத்தில் படம் இணைக்கவில்லை. ஒரு எண்ணை மட்டும் எழுதினேன். யாரோ வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கே ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. பவளத்துக்குக் காய்ச்சல். முதலில் சாதாரண மலேரியா என்றிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மருந்து இராணுவத் தடையால் வவுனியாவுக்கு அங்காலே நின்றது. அவள் கண்ணை மூடி ஆறாம் நாள்தான், அவளுடைய தம்பி வவுனியாவுக்கு வந்து தொலைபேசியில் எனக்குச் சொன்னான். அப்போது நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கேட்ட பிறகும் மிச்சக் கோப்பைகளைக் கழுவி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒன்பதாம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. வீடு தகுதியானது என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு பெயர்கள். மனைவி, மகள். என் படம் இல்லாதிருந்தால், அதுவும் அந்தக் குறுக்குவெட்டு மட்டும் இல்லாதிருந்தால், இதே கடிதம் மழைக்கு முதலே வந்திருக்கும். குணம் அண்ணை இப்போது இதைச் சொல்வதில்லை. அவர் சொல்லாமல் விடுவது எனக்கு இன்னும் கேட்கிறது.

6

தாரணியைத் தாய்மாமன் வவுனியா தாண்டிக் கொழும்புக்குக் கூட்டி வந்து விமானம் ஏற்றிவிட்டான். பதின்மூன்று வயது. வந்து எட்டு மாதம் ஆகிறது. என் நாலரை வருடப் பிரெஞ்சை இப்போது அவள் திருத்துகிறாள். அவளுக்கென்று தனி அறை, சட்டப்படி யன்னலோடு. முதல் கிழமை முழுக்க அதில் படுக்காமல் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். பிறகு அறைக்குள் போனாள். இப்போது பள்ளிக்கூடத்தால் வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறாள்.

"பிள்ளை, கதவைக் கொஞ்சம் திறந்து விடன்" என்றேன் ஒருநாள்.

"ஏன் அப்பா? இஞ்சை எல்லாரும் சாத்தித்தான் இருக்கினம்" என்றாள். அதற்கு மேலும் என்னவோ பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதாகத் தலையாட்டினேன்.

தாயைப் பற்றி அவள் என்னோடு கதைப்பதே இல்லை. விண்ணப்பம் ஏன் முதல் தரம் தள்ளுப்பட்டது என்று அவளுக்குச் சொல்லும் துணிவு எனக்கும் வரவில்லை. திவசத்தன்று அந்தத் தொலைபேசி வந்ததால்தான் சொல்ல வேண்டி வந்தது. படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தேன். சிவப்புக் கோட்டின் கதையைச் சொன்னேன். குணம் அண்ணை எழும்பிப் போய் யன்னல் அருகே நின்றுகொண்டார். தாரணி படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், "நானும் வாறன், அந்த அறையைப் பாக்க" என்றாள்.

7

சனிக்கிழமை போனோம். காவற்காரருக்கு இப்போது முழங்கால் வலி, ஏழு மாடி ஏற மாட்டார். படத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு, அறைத் திறப்பைத் தந்துவிட்டுக் கீழேயே நின்றார்.

அறை வெறுமையாக இருந்தது. கட்டிலை எடுத்துவிட்டார்கள். உடைக்கப் போகும் சுவரில் வேலையாட்கள் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டிருந்தார்கள். தாரணி நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"எது அப்பா அவை கழிச்ச இடம்?"

நாடாவை எடுத்தேன். கூரையிலிருந்து தரைக்கு ஒரு மீட்டர் எண்பது வரும் இடத்தைப் பிடித்தேன். யன்னலடியில் கிடந்த சுண்ணக்கட்டித் துண்டால் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்தேன்.

"இதுக்கு அங்காலை எல்லாம்."

அவள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். என்னைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். பிறகு இன்னும் அரை அடி. தலைக்கு மேலே கையை விட்டுக் கூரையைத் தடவிப் பார்த்தாள்.

"முட்டேல்லை."

"நீ சின்னப்பிள்ளைதானே" என்றேன்.

"இல்லை அப்பா. நான் இப்ப அம்மாவின்ரை உயரம்."

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மாவின்ரை சோட்டிச் சட்டையைத்தானே நான் வீட்டிலை போடுறனான். நீங்கள் கவனிக்கேல்லையே? வரேக்கை நிலத்திலை இழுபட்டது. இப்ப சரி அளவு. மடிச்சுத் தைக்கவும் இல்லை, ஒண்டும் இல்லை."

பவளத்தோடு குடும்பம் நடத்திய காலமெல்லாம் மதகுகளையும் கிணறுகளையும் நாகம்மாவின் பத்தியையும் அளந்துகொண்டு திரிந்தேன். அவள் என்ன உயரம் என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் அவளுடைய பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் எல்லாம் கேட்டிருந்தார்கள். உயரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதோ ஓர் எண்ணை ஊகித்துத்தான் எழுதியிருப்பேன்.

"அம்மா இதிலை நிமிந்து நிண்டிருப்பா அப்பா" என்றாள் தாரணி. "குனிய வேண்டி வந்திராது."

படிக்கட்டின் அடியிலிருந்து காவற்காரர் என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. தாரணி கோட்டுக்கு அந்தப் பக்கம், சாய்ந்த கூரையின் கீழே, நேராக நின்றுகொண்டிருந்தாள். இங்காலை வா பிள்ளை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.